ஊசி இறங்கியிருக்கும்போது சிரிக்கக் கூடாது

ஒரு சிரிப்பு இருக்கிறது, சொல்கிறேன், ஆனால் இப்போது இல்லை, இப்போது சிரித்தால் செத்தேன், தொப்புளுக்குக் கீழே நாலு ஊசி நட்டுக்கொண்டு நிற்கின்றன, மூச்சை இழுத்தால் நாலும் மேலே வருகின்றன, விட்டால் கீழே போகின்றன, போன வாரம் ஒரே ஒரு இருமல் இருமினேன், உள்ளே யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஆகிவிட்டது, ஆகையால் சிரிப்பை அப்படியே வாய்க்குள் ஒதுக்கி வைத்திருக்கிறேன், கன்னத்துக்குள் கொய்யாத் துண்டை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருப்பேனே அந்த மாதிரி. கோழி கத்தட்டும். கோழி என்றால் மேடத்தின் மேஜைமேல் இருக்கும் பிளாஸ்டிக் கோழி, வயிற்றைத் திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி இருபது நிமிடம் கழித்துக் கிணிங்ங் என்று கத்தும், அது கத்தினால்தான் மேடம் வந்து ஊசி எடுப்பார், திரையை விலக்குவார், விலக்கினால் அடுத்த கட்டிலில் என் அண்ணி, என் சொந்த அண்ணனின் மனைவி சிந்துஜா, மல்லாந்து படுத்து நாக்கை முழு நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடப்பாள். நீட்டச் சொன்னது மேடம் என்று அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னது நான். பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம் படுத்தபடியே, மேடம் குரலில், "மக்களே, நாக்க நல்லா வெளிய நீட்டு, நீட்டிக்கிட்டே கிட, கோழி கத்துற வர உள்ள இழுக்கப்படாது, கேட்டியா." அந்தக் 'கேட்டியா'வில் ஓர் இறக்கம் உண்டு, இருட்டில் கடைசிப் படியில் கால் தவறுவதுபோல, அதை எத்தனையோ நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகியிருக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து "ம்ங்" என்று ஒரு சத்தம் வந்தது. நாக்கு வெளியே இருந்தால் 'சரிங்க' அப்படித்தான் வரும். ஐயோ, வேண்டாம், வயிறு துள்ளுகிறது, நினைக்கவே கூடாது, துக்கமாக எதையாவது நினைக்க வேண்டும், வேதியியல், கரிம வேதியியல், பென்சீன் வளையம், பென்சீன் வளையத்தின் குரல் எப்படி இருக்கும், மூக்கால் பேசும், சரி, நின்றுவிட்டது.

மேடத்தையே நினைக்கிறேன். எனக்கு யாரை நினைத்தாலும் குரல்தான் முதலில் வரும், முகம் பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மெல்ல வந்து சேரும். ஜெசிந்தா மேடம். ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம், அங்கே ஒருத்தியைக் கூப்பிட்டாலும் செல்லமாக 'மக்களே'தான். கொழும்பில் ஊசி வைத்தியம் படித்தவர், அப்புறம் சீனாவில் ஏதோ ஓர் ஊரில் பெண்கள் ஆஸ்பத்திரியில் நின்று கற்றுக்கொண்டவர், வீட்டுக்காரருக்கு பேங்கில் மாற்றல் வந்ததால் எங்கள் ஊர் கோபிக்கு வந்து உரக்கடை மாடியில் போர்டு மாட்டினார், பெண்களுக்கு மட்டும். கீழே யூரியா நாற்றம், மேலே மேடம் கொளுத்தும் அந்தச் சுருட்டின் நாற்றம், சீனத்து இலையை இடித்துக் காகிதத்தில் உருட்டிய சுருட்டு, அதைக் கொளுத்தித் தோலில் படாமல் வயிற்றுக்கு மேலே காட்டுவார், சூடு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் நாள் அம்மா மாடிப்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சி, "ஏண்டி சஷ்டி, இது போலீஸ்காரங்க புடிக்கிற சமாச்சாரமாட்ட வாசம் வருது" என்றாள், அந்த வாசம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் இன்னும் கேட்கவில்லை, ஒருநாள் கேட்பேன், போலீஸ்காரர் குரலில் கேட்பேன். சுவரில் சீனக்காரர் ஒருவர் படம், உடம்பெல்லாம் கோடும் புள்ளியும், சத்தி ஈரோடு பவானி என்று பஸ் போகும் வழி போட்டமாதிரி, அவர்பாட்டுக்குக் கையை விரித்து நிற்கிறார். மேடம் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், குழாயை வைத்து டிக் என்று ஒரு தட்டு, ஊசி இறங்கிவிடும், வலிக்காது, வலிக்காது என்பது பொய், கனக்கும், ஊசியைச் சுற்றி ஒரு கனம் வந்து உட்காரும், அது வந்துவிட்டதா என்று மேடத்துக்குத் தெரிய வேண்டும், "வந்துதா மக்களே?" என்பார், "வந்துருச்சுங்க" என்று பெண்கள் சொல்வார்கள், முதல் நாள் நான் ஏதோ பஸ்ஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இந்தப் பக்கம் என் வயிற்றுக்கு மேலே சிவப்பு விளக்கு ஒன்று கொக்குபோலக் கழுத்தை வளைத்துக் காய்ந்துகொண்டிருக்கிறது, அதற்குள் சின்ன விசிறி, கொர்ர்ர் என்று ஓயாமல் ஒரே சுருதி, அது ஓடும்வரை வெளிக்கூடத்தில் எங்களுக்காகக் காத்திருக்கும் அம்மாவோ வேறு யாரோ என்ன பேசினாலும் என் காதுக்கு வராது, அண்ணி பக்கம் விளக்கு இல்லை.

ஏன் இல்லை. இன்றைக்கு ஏன் அண்ணிக்கு விளக்கு இல்லை. இதை நான் நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். வேறு. மேடம் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பார், அதை நினைக்கலாம், அது சிரிப்பு. தலையில் ஓர் ஊசி, மணிக்கட்டில் ஊசி, அதற்கப்புறம் வயிற்றுக்குப் போகும்முன் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "நாள் தள்ளியிருக்கா பிள்ளே?" என்பார். இல்லை என்றால்தான் வயிறு, அதன்பிறகு கடைசியாகக் கணுக்கால், உள்பக்கம், எலும்புக்கு மேலே நாலு விரல் தள்ளி. எல்லோரிடமும் கேட்பார். ரிட்டயர்டு ஆன கணக்கு டீச்சர் முழங்கால் வலிக்கு வந்தார், அவரிடமும் கேட்டார். என்னிடம் கேட்டார், பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையில், அம்மா பக்கத்திலேயே நிற்க. அம்மா முகம் வெந்துவிட்டது. "ஏனுங் மேடம், பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க இது" என்றாள். மேடம் அசரவில்லை, எல்லார்ட்டயும் கேட்பேன் என்று ஆரம்பித்து ஏன் கேட்கிறார் என்று நீளமாக ஒரு காரணம் சொன்னார், அதில் மூன்று 'கேட்டியா' வந்தது, மூன்றாவது முதல் இரண்டைவிட ஆழமாக இறங்கியது, அதைப் பிடித்துக்கொண்டேன், காரணம் என்ன என்றால் தெரியாது. என் சங்கதியே இதுதான். ராகம் ஒட்டிக்கொள்ளும், சேதி வழிந்து போய்விடும். தலைமையாசிரியை மைக்கைப் பூ பூ என்று ஊதிவிட்டுப் பேசியது அப்படியே வரும், என்னத்தைப் பேசினார் என்று கேட்டால் முழிப்பேன். சத்தி பஸ் கண்டக்டர், கேஸ் புக்கிங் போன் பெண், எதிர்வீட்டு ருக்மணி அக்கா, அம்மா, எல்லாம் வரும். அண்ணன் குரல் மட்டும் வராது, பேசினால்தானே. அம்மா என்ன சொன்னாலும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான், மெல்கிற சத்தத்தை வேண்டுமானால் செய்து காட்டலாம். என் குரல் எது என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. காலைக் கூட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன், தை மாசம், வலியில் கண் இருட்டிவிட்டது, அம்மா அம்மா என்று கத்தினேன், என் வகுப்பு வரிசை முழுக்கச் சிரித்தது, யாரையோ செய்து காட்டுகிறேன் என்று, பக்கத்தில் நின்றவள் குனிந்து "யாருடி இது, சூப்பரா இருக்கு" என்றாள். நானே கொஞ்ச நேரம் யோசித்தேன், யார் இது என்று. அதற்காகத்தான் இங்கே வருகிறேன். ஊசிக்கு அப்புறம் பரவாயில்லை, போன மாதம் விழவில்லை, உட்கார்ந்தேன். மேடம் தருகிற கஷாயம்தான், சிவப்புப் பேரீச்சையும் ஏதோ வேரும் போட்டுக் காய்ச்சியது, மழையில் நனைந்த செருப்பைக் குடிப்பதுபோல.

அண்ணி வருவது பிள்ளைக்கு. அவளைத்தான் முதலில் கூட்டிவந்தார்கள், நான் பின்னால் ஒட்டிக்கொண்டேன். வாயில் நீங்க, வாங்க, மனசுக்குள் அவள், அவளுக்கு அது தெரியும், கண்டுகொள்ள மாட்டாள். எல்லா வாரமும் பக்கத்துக் கட்டில், நடுவில் இந்தப் பச்சைத் திரை, குழாய் தட்டும் சத்தத்தைக் கேட்டே மேடம் எந்த இடத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன், தலை என்றால் தேங்காய் ஓட்டில் தட்டின சத்தம், வயிறு என்றால் மெத்தென்று, கணுக்கால் என்றால் அதற்குமுன் கட்டில் ஒருமுறை கிரீச்சிடும், அண்ணி காலைத் திருப்புவாள். இன்றைக்கு நாடி பார்த்தது நேரமாயிற்று, ரொம்ப நேரம், இரண்டு கையிலும் பார்த்தார் என்று நினைக்கிறேன், வளையல் சத்தம் இரண்டு பக்கமும் வந்தது. தலையில் டிக். மணிக்கட்டில் டிக். அப்புறம் கேள்வி வர வேண்டும், நான் இந்தப் பக்கம் உதட்டை அசைத்துக்கொண்டு தயாராக இருந்தேன், நாள் தள்ளியிருக்கா பிள்ளே, என்று மேடத்தோடு சேர்ந்து வாய்க்குள் சொல்ல. கேள்வி வரவில்லை. டிக் வரவில்லை. கட்டில் கிரீச்சிடவில்லை. "சரி மக்களே, இது போதும், பைய கிட" என்று சொல்லிவிட்டு மேடம் செருப்புச் சத்தத்தோடு போய்விட்டார். அவ்வளவுதான். நான் உடனே நாக்கு விளையாட்டை ஆரம்பித்துவிட்டேன், உடனே, ஏனென்றால் அந்த 'இது போதும்' என் காதுக்குள் நின்றுகொண்டிருந்தது, அதன்மேல் எதையாவது போட்டு மூட வேண்டும். கணுக்காலில் ஊசி இல்லை. விளக்கு இல்லை. எனக்கு எல்லா இடத்திலும் உண்டு, அண்ணிக்கு இரண்டே இரண்டு, பாட்டரி தீர்ந்த பொம்மைக்குச் சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்க்கிற மாதிரி. கைவிட்டுவிட்டாரா. நாடியில் என்ன தெரிந்தது. இனிமேல் இவளுக்கு ஊசி வேஸ்ட் என்று தெரிந்ததா. மேடத்துக்குத் தெரியாது, அம்மா ஆடிவரைக்கும் கெடு வைத்திருக்கிறாள் என்று. அண்ணிக்கு ஏற்கெனவே இரண்டுமுறை கரு நின்று இரண்டுமுறை போய்விட்டது. முதல்முறை அம்மா மறுநாளே தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள், இரண்டாம்முறை சர்க்கரை இல்லை, ஆனால் போன், ராத்திரிக்குள் அண்ணி பிறந்த கரூர், காங்கயம், தாராபுரம் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, பதினோராவது வாரம் போனபோது அதே ஊர்களெல்லாம் வரிசையாகத் திரும்ப போன் அடித்தன, அண்ணி ஒவ்வொரு போனுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்த ஆமாங்கவை நான் ஒருநாளும் செய்து காட்டியதில்லை.

பங்குனியில் அம்மா அண்ணனிடம் சொன்னாள், "ஆடி வரைக்கும் பாக்கலாம். அப்பறம் அவிய ஊர்ல கொண்டுபோய் கொஞ்ச நாளைக்கு உட்டுட்டு வரலாம்." அண்ணன் மென்றான். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, ராகம்தானே பிடித்தது. மறுநாள் குளித்துக்கொண்டே அம்மாவைச் செய்து பார்த்தேன், அவிய ஊர்ல கொண்டுபோய், கொஞ்ச நாளைக்கு, அந்த இடத்தில் மூச்சு இடறியது. இன்னொருமுறை. மறுபடி இடறியது. அம்மா அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தியிருக்கிறாள். மளிகைக் கடைக்காரரிடம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லும்போது நிறுத்துகிற அதே மூச்சு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தலையில் சோப்பு நுரையோடு, கொஞ்ச நாள் இல்லை, கொஞ்ச நாள் என்பது சும்மா. ருக்மணி அக்காவின் மருமகளும் கொஞ்ச நாளைக்குத்தான் போனாள், அவள் சைக்கிள் இன்னும் அவர்கள் வீட்டுச் சந்தில் துருப்பிடித்து நிற்கிறது. எனக்கு எப்போதும் இப்படித்தான், காதால் கேட்டால் புரியாது, வாயால் சொல்லிப் பார்த்தால்தான் புரியும். அண்ணிக்கு இது தெரியுமா. நான் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாகச் சேட்டை செய்தேன், முன்பைவிட இரண்டு மடங்கு. அவள் வந்த புதிதில் அம்மா குரலில் "சிந்துஜா, கொழம்புக்கு உப்புப் போட்டயா?" என்று கேட்டு இரண்டுமுறை உப்புப் போடவைத்தேன், வீடே தண்ணீர் தண்ணீர் என்று அலைந்தது, அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போது அண்ணி என் காதைப் பிடித்து, மெதுவாக, சிரிக்காமல், "ஒரு நாளைக்கு நானும் உனக்கு வெக்கறேன் பாரு" என்றாள். நீங்களா, என்றேன். உங்களால் எறும்பைக்கூட ஏமாற்ற முடியாது, என்றேன்.

ஆனால் நாக்கை உள்ளே இழுத்துவிட்டாள் போலிருக்கிறதே. கொஞ்ச நேரம் முன்னால், கோழி பாதி ஓடியிருக்கும், அந்தப் பக்கமிருந்து தெளிவான குரல். "மேடம், அங்கதான் இருக்கீங்களா?" நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். என் வாய் இருக்கிறதே. "இருக்கேன் மக்களே, சொல்லு" என்றேன், மேடமாக. "இனி நான் வர மாட்டனுங்க மேடம்." எனக்கு வயிற்றில் ஊசி இருப்பதே அப்போது மறந்துவிட்டது. "என்னத்துக்குப் பிள்ளே?" "முடிவு பண்ணீட்டேன். ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போறேன். போனா வாறதா இல்லீங்க." சிரிப்பு எங்கே போயிற்று, இவ்வளவு நேரம் கன்னத்தில் வைத்திருந்தேனே, கரைந்து போய்விட்டது. மேடம் ஏதாவது கேட்க வேண்டும், மேடம் என்றால் நான், நான் வாயைத் திறந்தேன், மார்த்தாண்டம் வரவில்லை, கோபியும் வரவில்லை. அண்ணியே பேசினாள். "சஷ்டிகிட்ட மட்டும் சொல்லீராதீங்க மேடம். அவ வெளிய சிரிச்சுட்டே திரிவா. உள்ள தாங்க மாட்டா." "ம்" என்றேன். அந்த ம் யாருடையது என்று தெரியவில்லை.

அதிலிருந்து இந்தக் கொர்ர்ர்தான். விளக்கு வயிற்றைச் சுடுகிறது, கால் சில்லென்று இருக்கிறது, கணுக்காலில் என் ஊசி, இரண்டு காலிலும், கனக்கிறது, அண்ணியின் காலில் இல்லாததும் சேர்ந்து என் காலில் கனக்கிறது. ஆக, மேடம் கைவிடவில்லை, அண்ணியே கைவிட்டுவிட்டாள், ஊசி வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருப்பாள், அதனால்தான் இது போதும், அதனால்தான் பைய கிட, பரிதாபத்துக்கு இரண்டு ஊசி. இல்லை, முன்னாலேயே சொல்லியிருந்தால் இப்போது மறுபடி ஏன் சொல்கிறாள். ஒருவேளை சொல்லவில்லை, மேடமாகவே கண்டுபிடித்து. நாடியில் அது தெரியுமா, ஒருத்தி ஊருக்குப் போகப்போகிறாள் என்று, மூன்று விரலுக்கு அடியில். ஆடிக்கு என்ன இருக்கிறது, இது வைகாசி, கண்ணை மூடித் திறந்தால் ஆடி. அவள் பெட்டி பரண்மேல் இருக்கிறது, நீலப் பெட்டி, அதில் என் பழைய யூனிபார்மைப் போட்டு வைத்திருக்கிறாள், எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாளா. அவள் போய்விட்டால் ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவின் குரல் மட்டும் இருக்கும், அண்ணனின் மெல்லல் இருக்கும், நான் யாரைச் செய்து காட்டினாலும் சுவர்தான் சிரிக்க வேண்டும். இரண்டாம்முறை ஆஸ்பத்திரியில், அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அங்கே ஒரு நர்ஸ் "பேஷண்டு கூட ஒரு ஆளு, ஒரே ஆளு, மத்தவங்கெல்லாம் வெளிய வெளிய" என்று வாத்து விரட்டுவதுபோல விரட்டுவாள், அதைச் செய்தேன், ரொம்ப மெதுவாக, முதுகுக்குப் பின்னால், வெளிய வெளிய. முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து நிறுத்தினேன். "இன்னொருக்கா" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. இப்போதும் குலுங்குகிறது. கட்டில். கேட்கிறதா, கொர்ர்ருக்கு அடியில், கிரீச், கிரீச், கிரீச், சின்னச் சின்னதாக, அடக்கி அடக்கி. அண்ணி அழுகிறாள். வாயை மூடிக்கொண்டு, தலையில் ஊசியோடு அழுகிறாள், நான் நாலு சாண் தள்ளி பள்ளி ஆய்வகத் தவளைபோலக் குத்தி வைக்கப்பட்டுக் கிடக்கிறேன், எழுந்து போக முடியாது, கையை நீட்ட முடியாது, கோழியே கத்து, சனியனே கத்து, உன் வயிற்றைத் திருகியது போதும். என்ன சொல்வது. மேடம் குரலில் அழாதே என்று சொல்லலாம். அது யார் சொன்னதாக ஆகும்.

டக். விளக்கு அணைந்துவிட்டது. அதற்கு ஒரு நேரம் உண்டு, கோழிக்கு முன்னால் அதுவாக அணையும். கொர்ர்ர் நின்றது, காதுக்குள் திடீரென்று ஒரு பெரிய அறை திறந்த மாதிரி, கீழே உரமூட்டை இறக்குகிறார்கள், யாரோ ஸ்கூட்டர் உதைக்கிறார்கள், வெளிக்கூடத்தில் மேடம் பேசிக்கொண்டிருக்கிறார். மேடம். வெளிக்கூடத்தில். "மருமவள கனம் ஒண்ணும் தூக்க விடப்படாது கேட்டியளா, தண்ணிக் குடம், மாவு டப்பா ஒண்ணும். வண்டியில பின்னால வச்சுக் குலுக்கிக்கிட்டுப் போகப்படாது. ஒரு மூணு மாசத்துக்கு." "ஏனுங் மேடம், முன்னையெல்லாம் இப்பிடிச் சொல்லலீங்களே" என்கிறாள் அம்மா. "இப்ப வைத்தியம் வேற மாதிரி. அதான் அப்ப பிடிச்சுச் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்க மாமியாரு இருந்தாவ பாத்துக்கிடுங்க, அவிய என்ன செய்வாவன்னா..." அப்ப பிடிச்சு. அப்போதிருந்து. அப்படியென்றால் மேடம் இந்த அறையைவிட்டுப் போனதிலிருந்து அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருக்கிறார், எனக்குத்தான் விளக்குச் சத்தத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான். அண்ணி பக்கம் விளக்கு இல்லை. அண்ணியின் கட்டில் கதவுப் பக்கம். அண்ணிக்கு மேடம் அங்கே பேசுவது முதலிலிருந்து கேட்டிருக்கிறது, அதே சமயம் இங்கே திரைக்குப் பின்னால் இன்னொரு மேடம், நாக்கை நீட்டு, என்று. எனக்கு மூச்சு நின்றுவிட்டது, நாலு ஊசியும் நின்றுவிட்டன.

"அண்ணி?" என்றேன். கிரீச், கிரீச். "சும்மா கிட மக்களே" என்று திரை சொன்னது, மேடம் குரலில், "ஊசி வளைஞ்சு போயிரும், கேட்டீங்களா." கேட்டீங்களா. மேடம் சின்னப் பிள்ளைகளிடம் ஒருநாளும் 'கேட்டீங்களா' சொல்லமாட்டார். இறக்கமும் இல்லை, படியில் கால் தவறவே இல்லை, சமதரையில் கரூர் நடக்கிறது. அழுகை இல்லை அது. கட்டில் குலுங்கியது அழுது இல்லை. "நாக்க நீட்டவே இல்லியா நீங்க?" என்றேன். "நான் எதுக்கு நீட்டறேன். ஒரு மேடத்துக்கு எத்தன வாயி? ஐயோ, சிரிக்க வெக்காத, தலையில சுருக்குங்குது." "அப்ப ஊருக்குப் போறேன்னது?" "உப்புக் கொழம்புக்குங்க மேடம்" என்றாள், மறுபடி கட்டில் ஆடியது. எனக்குக் கோபம் வர வேண்டும், வந்தது, ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. "பொய்தானே? முழுசாப் பொய்தானே?" கட்டில் நின்றது. ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. "போன மாசம் வரைக்கும் நெசந்தான் கண்ணு" என்றாள் அண்ணி, யாருடைய குரலிலும் இல்லாமல்.

போன மாசம் வரைக்கும். அம்மாவின் கொஞ்ச நாளை அவளும் கேட்டிருக்கிறாள். கேட்டு, பெட்டியை நினைத்து, முடிவு செய்து. போன மாசம் வரைக்கும். இந்த மாசம் என்ன. அம்மா மாறவில்லை, அண்ணன் மெல்கிறான், ஆடி அங்கேயேதான் இருக்கிறது. கணுக்காலில் ஊசி இல்லை, விளக்கு இல்லை, கேள்வி இல்லை. கேள்வி ஏன் இல்லை. ரிட்டயர்டு டீச்சரிடமே கேட்கிறவர். என்னிடம் கேட்டு அம்மா முகம் வெந்தபோது ஒரு காரணம் சொன்னாரே, மூன்று கேட்டியா வருமே, என்ன அது, ராகம் இருக்கிறது, சேதி இல்லை. சரி, வாய் இருக்கிறது. உதட்டை அசைத்தேன், சத்தமில்லாமல், மேடத்தின் மூச்சை எடுத்துக்கொண்டேன், எல்லார்ட்டயும் கேப்பேன், கேட்டியா, மணிக்கட்டு வரைக்கும் பயமில்ல, அதுக்குக் கீழ போகணும்னா கேட்டுக்கிட்டுத்தான் போவேன், கேட்டியா, அதற்கப்புறம் மூன்றாவது, ஆழமாக இறங்குவது, அது எதன்மேல் ஏறி இறங்கியது, வயித்துல, வயித்துல ஒரு உசுரு இருந்தா வயித்துலயும் கணுக்கால்லயும் நான் ஊசி வைக்கமாட்டேன், சூடு காட்டமாட்டேன், கேட்டியா.

"அண்ணி." "ம்." "உங்களுக்குக் கால்ல ஊசி போடலையே இன்னிக்கு." அந்தப் பக்கம் வளையல் ஒன்று கம்பியில் பட்டது. "இத்தன நேரமா ஆச்சு அம்மிணி உனக்கு?" என்றாள். பிறகு, திரையை ஒட்டி, மூச்சாகவே, "அத்தைக்குத் தெரியக் கூடாது. மூணு மாசம். யாரு கொரல்லயும் சொல்லாம இருப்பியா?" அதற்குள் வெளிக்கூடத்திலிருந்து அம்மா, "சஷ்டி, அங்க என்னடி குசுகுசுன்னு சத்தம்?" "ஒண்ணுமில்லம்மா, ஊசி வலிக்குது" என்றேன், எனக்கே புதிதாக இருந்தது, மூக்கடைத்த மாதிரி, சின்னதாக, இதுதான் என் குரல் போலிருக்கிறது, இதைக் கேட்டதும் திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் மறுபடி கிரீச் என்று ஆரம்பித்தது, நான் பென்சீனை நினைத்தேன், பென்சீன் வரவில்லை, நாலு ஊசியும் தொப்புளுக்குக் கீழே ஆட ஆரம்பித்துவிட்டன, கொக்கி போட்டு இழுக்கிறது, வலிக்கிறது, ஐயோ அம்மா, நிஜமாகவே வலிக்கிறது, நிறுத்த முடியவில்லை, கோழி இன்னும் கத்தவில்லை.